ஐஸ்லாந்து அரசமைப்பு வரைவு (2011)

பொதுமக்கள் இணையம் வழியாகச் சொன்ன கருத்துகளைக் கேட்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்ட வரைவு. இன்றுவரை சட்டமாகவில்லை.

1944இல் குடியரசானபோது ஐஸ்லாந்து, டேனிஷ் மன்னர் 1874இல் வழங்கிய சட்டத்தை அடியொற்றிய அரசமைப்பையே ஏற்றது. அதை முழுமையாக மாற்றும் முயற்சிகள் பல பதிற்றாண்டுகளாகக் கைகூடவில்லை.

2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் வீழ்ந்தன. 2009 ஜனவரியில் ரெய்க்யவிக் நாடாளுமன்றத்தின் முன் மக்கள் சட்டி பானைகளைத் தட்டிப் போராட, அரசு பதவி விலகியது. இந்நெருக்கடிக்குப் பின் புதிய அரசமைப்பு எழுதும் முயற்சி தொடங்கியது. 2010 நவம்பர் 6 அன்று, குலுக்கலில் தேர்வான சுமார் 950 பேர் கூடிப் புதிய அரசமைப்பில் எவை இடம்பெற வேண்டும் என்று விவாதித்தனர். அதே மாதம் 27ஆம் நாள், அதை எழுதவிருந்த அரசமைப்பு அவைக்கான தேர்தல் நடந்தது. 25 இடங்களுக்கு 522 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டுகளில் எண் இருந்தது, மறைப்பு அட்டைகள் போதிய மறைவு தரவில்லை என்பன போன்ற குறைகளுக்காக 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தலைச் செல்லாததாக்கியது. நாடாளுமன்றமோ வென்றவர்களையே 'அரசமைப்பு மன்றம்' என்ற பெயரில் நியமித்தது. ஒருவர் மறுக்க, அடுத்த இடத்தில் இருந்தவர் சேர்ந்தார்.

மன்றத்தில் பாதிரியார், விவசாயி, நாடக இயக்குநர், பொருளியல் பேராசிரியர் எனப் பலரும் இருந்தனர். 2011 ஏப்ரலில் பணி தொடங்கியது. எழுத எழுத, முற்றுப்பெறாத பிரிவுகளையும் இணையத்தில் வெளியிட்டு, மன்றம் மக்களின் கருத்தைக் கேட்டது. பேஸ்புக்கிலும் உரையாடல் நடந்தது. கூட்டங்கள் நேரலையில் ஒளிபரப்பாயின. மூன்றரை லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாட்டிலிருந்து ஏறத்தாழ 3,600 கருத்துகள் வந்தன. குறைகளோடு இருந்த வரைவை ஊரார் முன் வைக்க மன்றத்தினர் தயங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 114 பிரிவுகள் கொண்ட இறுதி வரைவை ஒருமனதாக ஏற்று, ஜூலை 29 அன்று நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தனர். நீதிமன்ற ஆணையின்றி இணைய வசதியைத் தடுக்கக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு.

மக்கள் கருத்துகள் வரைவை எந்த அளவு மாற்றின என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. சில பிரிவுகளில் தடயம் தெளிவாகத் தெரிகிறது. பெரும்பகுதியை மன்றமே வடித்தது என்போரும் உளர். இதை 'இணையத்தில் எழுதிய அரசமைப்பு' என உலக இதழ்கள் அழைத்தது மிகை எனலாம்.

2012 அக்டோபர் 20 அன்று நடந்த, கட்டுப்படுத்தும் ஆற்றலில்லாத பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் வரைவை அடிப்படையாகக் கொள்ள ஒப்பினர். இயற்கை வளங்கள் நாட்டுக்கே உரியவை என அறிவிக்கலாமா என்ற கேள்விக்கு ஆதரவு இதைவிட அதிகம். 2013 தேர்தலுக்கு முன் நாடாளுமன்றம் வரைவை வாக்கெடுப்புக்கு விடாமலே கலைந்தது. 2020இல் புதிய அரசமைப்பைக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடந்தது.