கல்லூரிகள் தம்மைப் பற்றித் தரும் எண்கள்: ஒரு சுருக்க வரலாறு

இந்தியாவில் கல்லூரிகள் மிகுதியாக உள்ள மாவட்டம் பெங்களூரு நகர்ப்புறம். ஒன்றிய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2020-21ஆம் ஆண்டுக்கு அங்கே 1,058 கல்லூரிகளைக் கணக்கிட்டது. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேரச் செல்லும் மாணவருக்கு அவற்றை ஒப்பிட்டறிய வெகுகாலம் இருந்த சான்று விளம்பரம் ஒன்றே. அவ்விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர் 'நூறு விழுக்காடு பிளேஸ்மென்ட்'. அந்த நூறு, சேர்ந்தவர்களில் நூறா, தேர்ச்சி பெற்றவர்களில் நூறா, வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களில் நூறா என்பது சொல்லப்படுவதில்லை. சொல்லின் பொருள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்போது எண்களை ஒப்பிட இயலாது. தரவைச் சீர்படுத்துதல் என்பது முதலில் சொற்களுக்கு ஒரே வரையறை தரும் பணியாகும்.

அப்பணியின் இந்திய வரலாறு பெரும்பாலும் பெங்களூரைச் சார்ந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவையை நிறுவியது. 'நாக்' என்று வழங்கும் அதன் தலைமையகம் பெங்களூரின் நாகரபாவியில் உள்ளது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னைப் பற்றித் தன்னாய்வு அறிக்கை எழுத வேண்டும்; வல்லுநர் குழு நேரில் வந்து சரிபார்த்து வந்தது. விருப்பத்தின்பேரில் இருந்த இம்முறையை 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கட்டாயமாக்கின. 2017இல் முறை மாற்றப்பட்டு, மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு இணையவழி அளிக்கும் எண்சார் தரவுகளுக்கு ஒதுக்கப்பட்டது.

ஆயினும் அத்தன்னாய்வு அறிக்கையின் வாசகர் மதிப்பீட்டாளரே, மாணவர் அல்லர். ஏழு அளவுகோல்களின் விளைவு ஒரே தரக்குறியீடாகச் சுருங்கி, கல்லூரி வாயிலில் பலகையாகத் தொங்குகிறது. அது நிறுவனம் முழுமைக்கும் உரியது. தாம் சேரவிருக்கும் துறையில் ஆசிரியர் எத்தனை பேர், முந்தைய அணியில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர் என்பவற்றை அக்குறியீடு சொல்லாது.

2015இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு எதிர்பாராத ஒரு வழியைத் திறந்தது. 2016இல் வெளியான முதல் பட்டியலில் பல்கலைக்கழகப் பிரிவில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் முதலிடம் பெற்றதைச் செய்தித்தாள்கள் எழுதின. மாணவருக்கு அதனினும் பயனுள்ளவை தரவரிசைக்காக நிறுவனங்கள் நிரப்பி அளிக்கும் படிவங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தோர், குறித்த காலத்தில் பட்டம் முடித்தோர், பணியில் அமர்ந்தோர், மேற்படிப்புக்குச் சென்றோர், ஊதியத்தின் இடைநிலை அளவு ஆகியவை ஒரே வரிசையில், ஒரே தலைப்புகளின்கீழ் அவற்றில் உள்ளன. அவை பொதுப் பார்வைக்கும் கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டாக, 60 பேர் சேர்ந்து 40 பேர் குறித்த காலத்தில் பட்டம் முடித்து, 10 பேர் பணியில் அமர்ந்தனர் எனக் கொள்வோம். அப்பத்துப் பேரில் ஒருவர் பெற்ற 20 இலட்ச ரூபாய் ஆண்டு ஊதியமே விளம்பரத்தில் இடம்பெறும். படிவமோ சேர்ந்தோர், முடித்தோர், அமர்ந்தோர் ஆகிய மூன்று எண்களையும் அருகருகே வைத்துவிடும். அதிலும் ஒரு கவனம் தேவை: ஊதியத்தின் இடைநிலை அளவு பணியில் அமர்ந்தோருக்கு மட்டுமே உரியது, வேலை கிடைக்காத முப்பதின்மர் அந்தக் கணக்கில் இல்லை.

இவ்வெண்களையும் நிறுவனங்களே தருகின்றன. சரிபார்ப்பவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. அமெரிக்காவில் 1990களில் உருவான பொதுத் தரவுத் தொகுப்பு என்னும் படிவத்தைப் பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்தன, கொலம்பியா வெளியிடவில்லை. 2022இல் அதன் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், வகுப்புகளின் அளவு குறித்துத் தம் பல்கலைக்கழகம் தரவரிசைக்கு அளித்த எண்கள் பொருந்தவில்லை என்று விரிவாக எழுதினார். தவறுகளைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அப்படிவத்தையும் வெளியிட்டது; அதன்பின் இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் காட்டப்பட்டுள்ளனர் என்று குற்றஞ்சாட்டியது. கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோதே ஒரே பெயர் பல இடங்களில் இருப்பது புலப்பட்டது.

மாறாக, மூடிய மதிப்பீட்டின் நிலை 2025 பிப்ரவரியில் வெளிப்பட்டது. குண்டூரைச் சார்ந்த கல்வி நிறுவனமொன்றுக்கு உயர்ந்த தரம் பெற்றுத்தரக் கையூட்டு கைமாறியதாக, நாக் ஆய்வுக் குழுவினர் உள்ளிட்டோரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. சில நாள் வந்து செல்லும் குழுவை வளைக்க முடியும். ஒரே வடிவில் அனைவர் கண்முன்னும் உள்ள தரவைத் திரிப்பது அதனினும் கடினம். அங்கே படிக்கும் மாணவரும் பணிபுரியும் ஆசிரியரும் அதன் சாட்சிகளாவர்.

2024 ஜனவரியில் நாக் தரக்குறியீடுகளைக் கைவிட்டு, 'சான்று பெற்றது', 'பெறாதது' என்னும் இருநிலை முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. எல்லா அமைப்புகளுக்கும் ஒரே தரவுத்தளம் என்ற திட்டமும் அச்சீர்திருத்தத்தின் பகுதி. நிர்வாகச் சுமை அதனால் குறையலாம். ஆனால், ஓர் எழுத்தாக இருந்தது ஆம், இல்லை என்ற விடையாகச் சுருங்கும்போது, தேர்ந்தெடுக்க வேண்டிய மாணவருக்கு அடியிலுள்ள எண்கள் முன்னினும் இன்றியமையாதவை ஆகின்றன. அத்தரவுத்தளம் துறைவாரியாகவும், தமிழிலும் கன்னடத்திலும், கட்டணம் செலுத்தும் நாளுக்கு முன்பாகவும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலில் நிற்கும் குடும்பத்துக்கு, விசாரித்தறிய வேறு உறவினரோ நண்பரோ அங்கு இல்லை.