அஞ்சுவண்ணம்: சொல்லும் சாட்சியும்

தக்கலை முஸ்லிம் ஜமாஅத்தின் பெயரில் ‘அஞ்சுவண்ணம்’ எனும் சொல் நிலைத்திருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானும் தம் நாவலொன்றுக்கு (2008) ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றே பெயரிட்டார். குமரி மாவட்டத்தில் வழங்கும் இச்சொல்லின் வேர் கடல்வணிக வரலாற்றில் உள்ளது.

நாஞ்சில் நாட்டைப் பின்னாளில் ஆண்ட வேணாட்டின் அய்யனடிகள், கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு, அஞ்சுவண்ணத்தை மணிக்கிராமத்தோடு இணைத்துக் குறிப்பிடுகிறது. அஞ்சுவண்ணம் யூதர் குழு என்றே முன்னர் பலர் கருதினர். முஸ்லிம்களை உள்ளடக்கிய மேற்காசிய வணிகர் குழுமம் என்பது பிற்கால ஆய்வாளர் துணிபு. கிறிஸ்தவப் பள்ளிக்கான அக்கொடைக்குக் கூஃபி அரபு, பஹ்லவி, யூதப் பாரசீகம் ஆகியவற்றில் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளமை நோக்கத்தக்கது.

அச்செப்பேட்டில் ஒரு விதி உண்டு. இவ்விரு குழுக்களுக்கும் அநீதி நேர்ந்தால், உல்கையும் துலாக்கூலியையும் செலுத்தாது நிறுத்திவைத்துத் தம் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். நம்பிக்கைக்குப் பின்னே நல்லெண்ணம் மட்டுமன்றி, மீறினால் இழப்பு உண்டு எனும் உறுதியும் இருந்தது.

பருவக்காற்றை நம்பிய வணிகத்தில் ஒரு தவணைச் சரக்கு தவறினால் ஓராண்டே வீணாகும். ஆகவே விலை மலிவைவிடச் சொல் தவறாமையே பெரிதாயிற்று. 1132 முதல் 1149 வரை மலபாரில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு எனும் யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோ கெனீசாவில் கிடைத்துள்ளன. ஏலக்காய்க்கு முன்பணம் பெற்ற ஒருவர் சரக்குத் தராதபோது, அவரை ஏடன் வணிகர் வட்டத்திலிருந்து விலக்கிவைப்பதாக அச்சுறுத்திப் பார்க்குமாறு ஏடனிலிருந்து அவருக்கு எழுதப்பட்டது. ஒரு துறையில் சொல் தவறியவரின் செய்தி கடல் கடந்தும் பரவியது. அதுவே மற்றவரின் முதலுக்குக் காவலாயிற்று.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. அறிமுகமும் சாட்சியும் இல்லாத புதியவருக்கு வட்டத்தின் வாயில் எளிதில் திறவாது. தெரிந்தவரையே சார்ந்திருப்போர், அவர் தளர்ந்தால் மாற்றுவழியின்றித் தாமும் தளர்வர். கொல்லத்துச் செப்பேடு இதற்கும் விடை தருகிறது எனலாம். சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்டோர் ஒரே ஆவணத்தில் சாட்சியாக நின்றதால், நம்பிக்கையின் வட்டம் ஓரினத்தோடு நின்றுவிடவில்லை.

கடனை எழுதிவைத்துச் சாட்சி கொள்ளுமாறு திருக்குர்ஆன் பணிப்பதும் இவ்வுண்மையோடு ஒத்ததே. எழுத்து நம்பிக்கையின்மையின் அடையாளமன்று; நம்பிக்கை நெடுநாள் நிலைக்க அமைந்த அரண்.