பயனர் அடைவு ஸ்கிரிப்டுகள்

பலர் கணக்கு வைத்திருக்கும் ஒரு யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் கணினியில், ஒவ்வொரு பயனரும் தம் ஹோம் டைரக்டரிக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல்களை வெப் சர்வரே ஓட்டி, விளைவை உலாவிக்கு அனுப்பும் முறை. இணைய முகவரியில் ~ குறியும் அதை ஒட்டி ஒரு பயனர் பெயரும் இருந்தால், அந்தப் பக்கம் பெரும்பாலும் இப்படி ஒரு பயனர் அடைவிலிருந்து வருவதுதான். 1962இல் தொடங்கப்பட்டுத் தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகம், சென்னை ஐஐடியின் கணினி அறிவியல் துறை ஆகியவற்றின் ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் வெளியுலகம் ~ முகவரிகளால்தான் நெடுங்காலம் அறிந்திருந்தது.

இந்த முறையின் வரலாறு, அது ஓடாமல் நின்றுபோன விதங்களின் வரலாறும் ஆகும். பிழைகள் பல முகம் காட்டினாலும் அவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை: இந்த ஸ்கிரிப்ட் யார் பெயரில் ஓடுகிறது? ஒவ்வொரு காலமும் அதற்கு ஒரு விடை சொன்னது. ஒவ்வொரு விடையும் ஒரு காப்பைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு காப்பும் நேற்றுவரை நன்றாக ஓடிய ஸ்கிரிப்டுகளை நிறுத்தியது.

தோற்றம்

~ குறி வெப்புக்கு மூத்தது. பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் அது பயனரின் ஹோம் டைரக்டரியைக் குறித்தது. அன்று புழக்கத்தில் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் ஹோம் என்ற சொல்லும் ~ குறியும் ஒரே விசையில் அச்சிடப்பட்டிருந்தன. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலுள்ள என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வர் அந்தக் குறியை இணைய முகவரிக்குள் கொண்டுவந்தது. அதன் அமைப்புக் கோப்பில் யூசர்டிர் என்று ஒரு வரி இருக்கும். பயனர் தம் ஹோம் டைரக்டரிக்குள் பப்ளிக்_எச்டிஎம்எல் என்று ஓர் அடைவைத் திறந்து அதில் எதைப் போட்டாலும் அது ~ முகவரியில் தெரியும். நிர்வாகியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. மாணவர் கையில் வெப்பைக் கொடுத்தது இந்த ஒரு வரிதான் என்றால் மிகையாகாது.

அதே ஆண்டில் அதே மையத்தில் சிஜிஐ என்ற உடன்பாடும் உருவானது. வந்த கோரிக்கையின் விவரங்களைச் சூழல் மாறிகளில் வைத்து வெப் சர்வர் நிரலை ஓட்டும். நிரல் முதலில் தலைப்பு வரியையும் பிறகு ஒரு வெற்று வரியையும் அதன்பின் பக்கத்தையும் அச்சிட வேண்டும். மொழி எதுவானாலும் சரி. பெரும்பாலோர் பெர்லில் எழுதினார்கள். இந்த உடன்பாடு ஆர்எஃப்சி 3875 என்ற ஆவணமாக வெளிவந்தது 2004 அக்டோபரில்தான். அதற்குள் உலகம் பதினோராண்டு அதை வைத்துப் பிழைத்துவிட்டது.

என்சிஎஸ்ஏ சர்வரின் மேல் ஒட்டுப் போட்டு வளர்ந்த அப்பாச்சி 1995இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே உலகில் மிகுதியாகப் பயன்படும் வெப் சர்வர் ஆனது. யூசர்டிர், சிஜிஐ இரண்டையும் அது அப்படியே சுவீகரித்தது.

எல்லாரும் நோபடி

முதல் விடை எளிமையானது. எந்தப் பயனரின் ஸ்கிரிப்டும் நோபடி என்ற உரிமை குறைந்த பொதுக் கணக்கின் பெயரில் ஓடும். கணினியின் தலைமைக் கணக்கைக் காக்க அது போதும். பயனர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காக்க அது உதவாது. ஒருவரின் விருந்தினர் ஏட்டு ஸ்கிரிப்ட் ஒரு கோப்பில் எழுத வேண்டுமென்றால் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்தால் பக்கத்துக் கணக்குக்காரரின் ஸ்கிரிப்டும் அதில் எழுதலாம், அழிக்கலாம். எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் சிஎச்மாட் 777 என்ற கெட்ட பழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1996இல் பிஎச்எஃப் என்ற மாதிரி ஸ்கிரிப்டின் ஓட்டை வெளிவந்தது. என்சிஎஸ்ஏ சர்வரோடும் அப்பாச்சியின் தொடக்கப் பதிப்புகளோடும் சேர்த்தே தரப்பட்ட அந்த ஸ்கிரிப்டுக்கு முகவரியில் சில எழுத்துகளைக் கூடுதலாகக் கொடுத்தால், சர்வரின் கடவுச்சொல் கோப்பைப் படித்துவிட முடிந்தது. சர்வரோடு வந்த ஸ்கிரிப்டே இப்படியென்றால், மாணவர்கள் தாங்களே எழுதியவற்றை நம்பித் திறந்துவைக்க நிர்வாகிகள் தயங்கியதில் நியாயம் உண்டு. பல இடங்களில் பயனர் அடைவில் பக்கம் வைக்கலாம், ஸ்கிரிப்ட் ஓட்டக்கூடாது என்பதே விதியாயிற்று. எக்செக்சிஜிஐ அனுமதி இல்லாத அடைவில் ஸ்கிரிப்டைக் கேட்டால், அனுமதி இல்லை என்னும் 403 பிழை வரும். சிஜிஐ கையாளி என்று அந்த வகைக் கோப்பே பதிவாகவில்லையென்றால் நிரல் வரிகள் அப்படியே திரையில் கொட்டும். இவை இரண்டும் வெவ்வேறு பிழைகள். முதலாவது அனுமதி இல்லாதது. இரண்டாவது இது ஓட்டவேண்டிய கோப்பு என்று சர்வருக்குத் தெரியாதது.

சூஎக்செக்

1997இல் வந்த அப்பாச்சி 1.2 இரண்டாவது விடையைக் கொண்டுவந்தது. சூஎக்செக் என்ற சிறு நிரல் நடுவில் நின்று, ~ முகவரியில் கேட்கப்படும் ஸ்கிரிப்டை அதன் சொந்தக்காரர் பெயரிலேயே ஓட்டும். சிவகாசிப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையையும் செலுத்தும் அறையையும் ஒட்டிக் கட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுவதும், ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று வரையறுப்பதும் ஓரிடத்து விபத்து அடுத்த அறைக்குத் தாவாமல் இருப்பதற்காக. சூஎக்செக்கின் கருத்தும் அதுவே. ஒருவர் எழுதிய ஓட்டை ஸ்கிரிப்டால் அவர் கோப்புகள் மட்டும் போகும். மற்றவர் அடைவு தப்பும்.

ஆனால் சொந்தக்காரர் பெயரில் ஓட்டுவதற்கு முன் சூஎக்செக் இருபது சோதனைகளைச் செய்கிறது. ஸ்கிரிப்ட் அனுமதிக்கப்பட்ட அடைவுக்குள் இருக்கிறதா, அடைவும் கோப்பும் அதே பயனருக்கும் அதே குழுவுக்கும் சொந்தமா, வேறு யாரும் எழுத முடியாதபடி இருக்கின்றனவா, அந்தக் கணக்கின் எண் குறைந்தபட்ச வரம்புக்கு மேலா என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று தவறினாலும் ஸ்கிரிப்ட் ஓடாது. உலாவியில் சர்வர் உள்பிழையைக் குறிக்கும் 500 என்ற எண் மட்டும் வரும். காரணம் சூஎக்செக்கின் தனி லாகில் இருக்கும். பொது எரர் லாகை மட்டும் பார்ப்பவர் வழிதவறுவது இங்கேதான்.

இதில் ரெட் ஹேட் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் மாட்டிக்கொண்ட விதம் தனியாகச் சொல்லத் தக்கது. அந்த லினக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குழுவை உண்டாக்கும். குழுவில் அவர் ஒருவரே இருப்பதால் புதிய கோப்பு, அடைவுகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்க்கை 002 என்று வைக்கும். அதனால் புதிதாகத் திறக்கும் அடைவு 775 அனுமதியோடு பிறக்கும். பயனர் எந்தத் தவறும் செய்யவில்லை. எம்கேடிர் கட்டளையால் பப்ளிக்_எச்டிஎம்எல் அடைவைத் திறந்தார், அவ்வளவுதான். சூஎக்செக்கோ, குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கிறது, இந்த அடைவில் மற்றவரும் எழுதலாம் என்று லாகில் குறித்துவிட்டு நின்றுவிடும். குழுவில் அவரைத் தவிர யாரும் இல்லை என்பதை அது பார்ப்பதில்லை. முன்பு 777 கொடுத்து ஓட்டியவர், ஓடாதபோதெல்லாம் அதே மருந்தையே கொடுத்துப் பார்த்தார். நோய் முற்றியது. தேவை 755, அதற்கு மேல் தாராளம் கூடாது.

தமிழ்ப் பக்கங்களும் பொறியியல் கல்லூரிகளும்

இந்தியக் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் நிறுவனங்களுள் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையத்தை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்தது. சென்னையும் அதன் தொடக்க நகரங்களுள் ஒன்று. விருதுநகர் வட்டாரத்தில் பொறியியல் படிப்பு அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. சிவகாசி மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம், பக்கத்துக் கோவில்பட்டியில் நேஷனல் ஆகிய மூன்று கல்லூரிகளும் 1984இல் தோன்றியவை. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலுமாக இருந்த மண்ணின் பிள்ளைகள் கணினி லேப்புக்குள் நுழைந்த வழி இது.

தமிழில் பக்கம் எழுதியவர்களுக்கு ஆங்கிலத்தார் அறியாத பிழைகள் வந்தன. 1990களின் பிற்பகுதியில் தமிழ் இணையம் டிஸ்கி போன்ற 8-பிட் குறியாக்கங்களில் நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் டிஸ்கியில் வந்தன. 2002இல் ரெட் ஹேட் 8.0 யூடிஎஃப்-8க்கு மாறியது. அப்பாச்சி அமைப்பில் ஆட்டிஃபால்ட்கேர்செட் என்ற வரி யூடிஎஃப்-8 என்று இருந்தால், பக்கத்துக்குள் மெட்டா வரியில் என்ன எழுதியிருந்தாலும் எடுபடாது. சர்வர் தலைப்பில் சொல்வதே செல்லும். ஆகவே டிஸ்கிப் பக்கம் முழுதும் கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியும். பயனர் தம் அடைவில் ஓர் எச்டிஆக்சஸ் கோப்பு வைத்து அதை அணைக்கலாம். ஆனால் நிர்வாகி அலவ்ஓவர்ரைடு நன் என்று வைத்திருந்தால் அந்தக் கோப்பைச் சர்வர் படிப்பதே இல்லை. பிழைச் செய்தி கூட வராது.

யூனிகோடு வந்த பிறகு வேறொன்று. தமிழ் யூனிகோடு ஆதரவோடு விண்டோஸ் 2000 வந்தபின், நோட்பேடிலேயே தமிழ் வரிகளைக் கொண்ட பெர்ல் ஸ்கிரிப்டை எழுதி, யூடிஎஃப்-8 என்று சேமித்து, எஃப்டிபி வழியே கல்லூரிச் சர்வருக்கு ஏற்றுவது எளிதாயிற்று. உலாவியில் 500. எடிட்டரில் திறந்தால் முதல் வரியில் #! குறியும் பெர்லின் இருப்பிடமும் சரியாகவே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது, அந்த # குறிக்கு முன்னால் நோட்பேட் சொருகிய மூன்று பைட்டுகள். கோப்பின் முதல் இரண்டு பைட்டும் #! ஆக இருந்தால்தான் லினக்ஸ் கர்னல் அதை ஸ்கிரிப்ட் என்று ஏற்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர் யூடிஎஃப்-8 என்று சேமிக்கத் தேவையே இல்லாததால் அவருக்கு இந்தப் பிழை வராது. 2019இல் வந்த விண்டோஸ் 10 திருத்தப் பதிப்பில்தான் நோட்பேட் அந்த மூன்று பைட்டையும் இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்தியது.

இதன் உடன்பிறப்பு, விண்டோஸின் வரிமுடிவு. எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறைக்குப் பதில் பைனரி முறையில் ஏற்றினால் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டிக்கொண்டே போகும். அந்த எழுத்தும் சேர்ந்த பெயரில் ஒரு பெர்ல் எங்கே என்று கர்னல் தேடும். அப்படி ஒன்று கிடைக்காததால், அப்படிக் கோப்பே இல்லை என்று எரர் லாகில் வரும். ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும்போது கோப்பு இல்லை என்ற செய்தியைப் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? இதற்கு நல்ல சோதனை, சர்வரில் நுழைந்து ஸ்கிரிப்டை நம் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. ஷெல் அந்த இன்டர்பிரட்டர் தவறு என்று நேரடியாகவே சொல்லிவிடும்.

2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அதில் அப்பாச்சியை நிறுவிக்கொள்ளலாம். சாத்தூர், இருக்கன்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் கல்லூரி லேப்பின் நேரத்துக்குக் காத்திராமல், தம் கணினிக்குத் தாமே நிர்வாகியாகி யூசர்டிர் மாட்யூலை இயக்கிப் பார்க்க வாய்த்தது. கல்லூரிச் சர்வரில் அவருக்குக் காட்டப்படாத எரர் லாக் இங்கே அவர் கையில் இருந்தது. பிழை நீக்கக் கற்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பிஎச்பி, எஸ்இலினக்ஸ், இன்று

பிஎச்பி வந்ததும் பழைய கேள்வி திரும்ப வந்தது. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட அந்த மொழி பிற்பாடு அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடியது; ஆகவே சூஎக்செக் இடையில் நிற்க இடமில்லை, மறுபடி எல்லாரும் ஒரே கணக்கின் பெயரில். கோப்பின் சொந்தக்காரரும் ஸ்கிரிப்டின் சொந்தக்காரரும் ஒருவரா என்று பார்த்த சேஃப் மோட் அரைகுறைக் காவலாக இருந்து 2012இல் பிஎச்பி 5.4 பதிப்போடு நீக்கப்பட்டது. பயனருக்கொரு தனிக் குழாமாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் 2010இல் பிஎச்பியோடு சேர்க்கப்பட்டதே உருப்படியான தீர்வு. டெபியனும் உபுண்டுவும் மாட்யூல் வழி பிஎச்பியைப் பயனர் அடைவுகளில் முடக்கி வைத்தே தருகின்றன. இதை அறியாதவரின் பிஎச்பி கோப்பைச் சர்வர் ஓட்டாமல் அப்படியே உலாவிக்கு அனுப்பிவிடும். அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் வெளியே போய்விடும்.

2004 நவம்பரில் ஃபெடோரா கோர் 3 என்ற லினக்ஸ், எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கை இயல்பாகவே இயக்கி வந்தது. அன்றிலிருந்து அனுமதி எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் 403 வரலாம் என்றாயிற்று. ஹோம் டைரக்டரியை வெப் சர்வர் படிக்கலாம் என்று அதில் தனியாக ஒரு பூலியனை, அதாவது ஆன்-ஆஃப் அமைப்பை, திறந்தாக வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்ற அறிவுரை ஊர் ஊராகச் சுற்றியது. அது சோம்பேறித்தனமான அறிவுரை. ஆடிட் லாகைப் படித்தால் எது தடுத்தது என்று தெரியும். 2012இல் அப்பாச்சி 2.4 அணுகல் விதிகளை எழுதும் முறையையே மாற்றியதால் பழைய அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துப்போட்டவர்களுக்கு இன்னொரு 403 வந்தது.

தனித்தனி மெய்நிகர்க் கணினிகள் மலிவான பிறகு, பலர் ஒரே சர்வரில் வாழும் வழக்கம் குறைந்தது. மேக் கணினியில் சைட்ஸ் அடைவைத் திறந்துகாட்டிய வெப் ஷேரிங் வசதியை ஆப்பிள் 2012இல் எடுத்தது. 2014இல் பால் ஃபோர்ட் தொடங்கிய டில்டே கிளப் போன்ற சில சர்வர்கள் பழைய ~ பக்கங்களை விருப்பத்துக்காகவே திரும்ப எழுப்பின.

உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய பயனரின் ஹோம் டைரக்டரி 755க்குப் பதில் 750 அனுமதியோடு உண்டாகிறது. பப்ளிக்_எச்டிஎம்எல் அடைவும் ஸ்கிரிப்டும் 755 ஆகவே இருந்தாலும் வெப் சர்வரால் வாசலைத் தாண்ட முடியாது, 403 வரும். ஹோம் டைரக்டரியை 711 ஆக்கினால், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று மற்றவர் பட்டியல் எடுக்க முடியாமலும், பெயர் தெரிந்த அடைவுக்கு வெப் சர்வர் கடந்து போகும்படியும் அமையும்.