டிவிடி-வீடியோ கோப்பு வடிவங்கள்

டிவிடி-வீடியோ என்பது நிகழ்படங்களை டிவிடி வட்டில் பதிந்து, தொலைக்காட்சியுடன் இணைத்த டிவிடி பிளேயரில் காண்பதற்கான சீர்தரம் ஆகும். இதற்கான பிளேயர்கள் முதலில் 1996 நவம்பரில் சப்பானில் விற்பனைக்கு வந்தன. கணினியில் உள்ள நிகழ்படக் கோப்பொன்றை வெற்று வட்டில் அப்படியே படியெடுத்தால் கிடைப்பது தரவு வட்டு மட்டுமே. அக்கோப்பின் வடிவத்தை அறியாத பிளேயரில் அது ஓடாது.

கொள்கலனும் குறிமுறையும்

படமும் ஒலியும் எவ்வாறு சுருக்கப்பட்டுள்ளன என்பதைத் தீர்மானிப்பது குறிமுறை (கோடெக்) ஆகும். சுருக்கப்பட்டவற்றை ஒரே கோப்பாகக் கட்டிவைப்பது கொள்கலன் எனப்படும். கோப்பின் நீட்சி பெரும்பாலும் கொள்கலனை மட்டுமே காட்டும். எடுத்துக்காட்டாக, மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992 இல் வெளியிட்ட ஏவிஐ கொள்கலனுள் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் முதலிய பல குறிமுறைகள் இருக்கலாம். ஆகவே, நீட்சியின் பெயரை மாற்றுவதால் கோப்பின் வடிவம் மாறாது.

ஏற்கப்படும் வடிவங்கள்

* படம்: எம்பெக்-2 (நொடிக்கு 9.8 மெகாபிட் வரை) அல்லது எம்பெக்-1. கைப்பேசிகளில் பரவலாக உள்ள எச்.264 பதிவுகளை மாற்றியே பயன்படுத்த வேண்டும்.
* ஒலி: டால்பி டிஜிட்டல், பிசிஎம் முதலியன. மாதிரியெடுப்பு வீதம் பொதுவாக 48 கிலோஎர்ட்சு. இசை குறுவட்டுகளின் வீதம் 44.1 கிலோஎர்ட்சு என்பதால் அவ்வொலியையும் மாற்ற வேண்டும்.
* முழு அளவுப் படம்: பால் முறையில் 720×576 படப்புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள், என்டிஎஸ்சி முறையில் 720×480 படப்புள்ளிகள், நொடிக்கு 29.97 சட்டகங்கள்.

ஒப்புமைத் தொலைக்காட்சிக் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் பால் முறையையும், கனடா என்டிஎஸ்சி முறையையும் பின்பற்றின. எனவே யாழ்ப்பாணத்தில் பால் முறையில் உருவாக்கிய திருமண வட்டு, ரொறன்ரோவில் உள்ள உறவினரின் பிளேயரில் ஓடாமற் போகலாம்.

வட்டின் கோப்பு அமைப்பு

நிகழ்படக் கோப்புகள் "வீடியோ_டிஎஸ்" என்னும் கோப்புறையில் அமைகின்றன. படம், ஒலி, துணைத்தலைப்பு ஆகியவை விஓபி கோப்புகளில் உள்ளன. இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 கிகாபைட்டைத் தாண்டா. அத்தியாயங்கள், பட்டியல்கள் பற்றிய வழிகாட்டுத் தகவல்கள் ஐஎப்ஓ கோப்புகளிலும், அவற்றின் காப்புப் படிகள் பியுபி கோப்புகளிலும் உள்ளன. விஓபி கோப்புகளை மட்டும் படியெடுத்தால் இவ்வழிகாட்டுத் தகவல்கள் விடுபட்டுவிடும்.

நேரமும் தரமும்

ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு, அதாவது 470 கோடி பைட்டுகள். இதில் 2 மணி நேரப் பதிவை அடக்க, படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். 4 மணி நேரத்தை அடக்கினால் இது 2.6 ஆகக் குறையும். விரைந்த அசைவுகளில் படம் கட்டங்கட்டமாகச் சிதையக்கூடும்.

மூலக் கோப்பைப் பேணுதல்

எம்பெக்-2 இழப்புடைய சுருக்கமுறை ஆகும். இதில் இழந்த நுணுக்கம் மீண்டும் கிடைக்காது. ஒவ்வொரு மறுகுறியாக்கத்திலும் இழப்பு கூடும். சீர்தரத்துக்கு ஏற்ப ஏற்கனவே அமைந்த எம்பெக்-2 கோப்பை மறுகுறியாக்கம் செய்யாமலே வட்டுக்குரிய அமைப்பில் அடுக்கலாம். பதிவு வட்டுகளின் சாயப் படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் காலப்போக்கில் கெடக்கூடியது. ஆகவே வட்டு உருவாக்கப்பட்ட பின்னரும் மூலப் பதிவை அழிக்காமல் வேறோர் இடத்தில் காத்துவைத்தல் வேண்டும்.