கிளிசரினின் மூன்று கைகள்

நம் பேரையூர்ப் பக்கம் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை நீங்கள் அறிவீர்கள். எண்ணெய்களும் கொழுப்புகளும் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு கூடி அமைந்தவை என்பதை 1823-இல் ஷெவ்ருல் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். கொழுப்பைப் பிரித்துக் காட்டினாரே அன்றி, அதனை ஆக்குதல் உயிருக்கே உரிய ஆற்றல் என்று அந்நாளில் பலரும் எண்ணினர்.

1854-இல் பெர்த்தெலோ என்பவர் அந்த எண்ணத்தை அசைத்துவிட்டார். கிளிசரினையும் அமிலங்களையும் மூடிய கண்ணாடிக் குழாயிலிட்டு நெடுநேரம் சூடாக்கினார், கொழுப்புகள் உண்டாயின. காடியின் புளிப்புக்குக் காரணமான அசெடிக் அமிலத்தைச் சேர்த்தபோது கிடைத்தவையே அசெடின்கள். கிளிசரினுக்குக் கைகள் மூன்று எனக் கொள்வோம். அமிலம் ஒரு கையைப் பற்றினால் மானோ அசெடின். இரண்டைப் பற்றினால் டை அசெடின். மூன்றையும் பற்றினால் டிரை அசெடின்.

அம்மூன்று கைகளையும் நைட்ரிக் அமிலம் பற்றினாலோ, 1847-இல் சொப்ரெரோ கண்டறிந்த நைட்ரோ கிளிசரின் என்னும் கொடிய வெடிபொருள் பிறக்கிறது. அதனை ஒரு பகுதியாகக் கொண்ட கார்டைட் வெடிமருந்தைச் செய்யவே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. டிரை அசெடினோ இன்று மாத்திரைகளின் மேற்பூச்சில் சாதுவாகப் பணிபுரிகிறது.

கிளிசரின் ஒன்றே. அதன் கையில் எதைக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவன் மனிதன். நாளை ஆய்வுக்கூடத்தில் நிற்கப்போகும் நீங்கள் இதனை நினைவிற் கொள்க!