ஒரே பந்தியில் புலவர்கள்

முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், வரிசையில் நிற்பவர்களில் தமிழர் யார், சிங்களவர் யார் என்று பிரித்தறிவது கடினம். சிவன் சந்நிதியில் வாய்க்குள் முணுமுணுக்கும் வேண்டுதலில் பாதி சிங்களம். பத்திரகாளி கோயிலிலும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புத்தகம் நினைவுக்கு வரும். இங்கிருந்து சில நிமிடப் பஸ் பயணத்தில் இருக்கும் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர் எழுதியது. அதன் பெயர் 'தமிழ் புளூட்டார்க்'.

எழுதியவர் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியில், கத்தோலிக்கச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். கற்பிட்டியில் ஒரு பிள்ளைக்கு மொழிகள் பள்ளிக்கூடத்துக்கு முன்பே வந்து சேரும். டச்சுக் கோட்டையின் நிழல், தமிழ் பேசும் முஸ்லிம்கள், முக்குவர், பரவர், சிங்களக் கிராமங்கள், போர்த்துக்கேயர் விட்டுப்போன ஜெபங்கள். ஊரைக் கவனித்தே வளர்ந்தவர் ஊரை எழுதத் தொடங்கினார். புத்தளத்தில் மணியகாரராக இருந்தபோது, 1834இல், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், சாதிகள், வழக்கங்களை எல்லாம் தொகுத்த 'சிலோன் கசற்றியர்' கோட்டே ஊரிலிருந்த சர்ச் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27. 1837இல் பரவர் குலத்தின் வரலாறு பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் ரோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இதழில் வந்தது. 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். 1845இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்க்கப்பட்டார். அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் சுதேசி அவர்தான். சமூகவியல் என்ற சொல் தமிழுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலையைச் செய்தவர்.

பதவிகளை விடுவோம், புத்தகத்துக்கு வருவோம். 1859இல் யாழ்ப்பாணத்தில் ரிப்ளி அன்ட் ஸ்ட்ராங் அச்சகத்தார் அதை அச்சிட்டார்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த புலவர்கள் ஏறத்தாழ இருநூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகள், ஆங்கிலத்தில். கிரேக்கத்தில் பெரியோர் வரலாறுகளை எழுதிப் புகழ்பெற்ற புளூட்டார்க்கின் பெயரை அவர் கடன் வாங்கியதன் பொருள் எனக்கு விளங்குகிறது. ஐரோப்பியர் தங்கள் பழமையைப் பேசும்போது எடுக்கும் பெயரையே எடுத்து, எங்களுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு என்று அவர்கள் முன் வைத்தார்.

அந்த 1859ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து மூன்றே ஆண்டுகள். உ.வே. சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை. சீவகசிந்தாமணி அவர் கையால் அச்சேற இன்னும் 28 ஆண்டுகள், புறநானூறு அச்சேற 35 ஆண்டுகள். சங்கப் புலவர்களின் பாடல்கள் பெரும்பாலும் ஓலைச்சுவடிகளில், யார் வீட்டுப் பரணிலோ கிடந்தன. புலவர்களைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் தனிப்பாடல்களும், பாயிரங்களும், வாய்வழிக் கதைகளும்தான். அவற்றைக் கொண்டே காசிச்செட்டி எழுதினார். காலக் கணக்குகளில் பிழை உண்டு, கர்ணபரம்பரைக் கதை வரலாறாகிவிட்ட இடங்கள் உண்டு. இதற்காக அவரைக் குறை சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கதைகளை அவர் எழுதி வைத்திராவிட்டால், பின்வந்தவர்கள் எதைத் திருத்தியிருப்பார்கள்?

அவரை நான் புரட்சிக்காரர் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் வேறு. புத்தகத்தைத் திறந்தால் புலவர்கள் அகராதி முறையில், பெயரின் முதலெழுத்துப்படி வருகிறார்கள். சைவர் முதலில், சமணர் பிறகு என்ற பேச்சே இல்லை. சீறாப்புராணம் என்ற இஸ்லாமியக் காப்பியம் பாடிய உமறுப்புலவர், கிறிஸ்தவப் பாதிரியாரான வீரமாமுனிவர், அகத்தியர், ஔவையார் எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே அளவு இலை. குலமும் சமயமும் பார்த்து ஆசனம் போட்ட காலத்தில், எழுத்தின் வரிசையைத் தவிர வேறு முறை பார்க்காமல் புலவர்களை உட்கார வைத்தார் ஒரு கத்தோலிக்கர். சீறாப்புராணத்தைப் பகுத்தாய்ந்து ஆங்கிலத்தில் தனிக்கட்டுரை எழுதியவரும் அவரே. பக்கத்து வீட்டாரின் காப்பியத்தைத் தன் வீட்டுச் சொத்தாக எண்ணுகிற மனம் கற்பிட்டி மண்ணில்தான் வளர்ந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. புலவர்களின் பாட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய திண்ணைப் பள்ளி ஆசிரியரால் இந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாது. மொழி ஆங்கிலம். அச்சேறிய அடுத்த ஆண்டே, 1860 நவம்பரில், காசிச்செட்டி காலமானார். புத்தகம் தகப்பனில்லாப் பிள்ளையாயிற்று.

அதைத் தமிழுக்குள் கொண்டுவந்தவர் 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1886இல் அவர் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' காசிச்செட்டி போட்ட பாதையில் நடந்து, புலவர் தொகையை இரண்டு மடங்காக்கியது. அதன் பிறகு 1916இல் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரின் 'தமிழ்ப் புலவர் சரித்திரம்', 1939இல் கணேசையரின் 'ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரிதம்'. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றிக்கொண்டே போனார்கள். மூல நூல் 1946இல் கொழும்பில் மறுபடி அச்சேறியது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலான ஆராய்ச்சி கண்டறிந்ததை அடியில் எழுதி, மேலே காசிச்செட்டி எழுதியதை அப்படியே விட்டார்கள். பெரியவரின் பேச்சைக் குறுக்கே வெட்டாமல், முடிந்ததும் பணிவாகத் திருத்துகிற மரியாதை அது. 1982இல் புதுதில்லியில் இன்னொரு மறுபதிப்பு வந்தது.

தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றி அவர் எழுதி வைத்த மற்றொரு கையெழுத்துப் பிரதி அவர் இறந்து 74 ஆண்டுகள் கழித்து, 1934இல்தான் புத்தகமாயிற்று. அதற்குள் அவர் ஊர்க் கரை மாறத் தொடங்கியிருந்தது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கடற்கரைக் கிராமங்களில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பலவற்றில் பேரப்பிள்ளைகள் இன்று சிங்களமே பேசுகிறார்கள். பாடசாலை மொழி மாறியது, பூசை மொழி மாறியது, பிறகு வீட்டு மொழி. பாட்டி மட்டும் தமிழில் ஜெபிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கொழும்புச் செட்டிகளில் பெரும்பாலோரும் தமிழை விட்டு நெடுங்காலமாயிற்று.

என்னிடம் இருப்பது தில்லிப் பதிப்பு. கடந்த திருவிழாவில் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோயில் வீதியில் நடந்தேன். மாலை விற்ற பெண் சிங்களத்தில் விலை சொன்னார். நான் தமிழில் கேட்டதும், தன் தாய் இப்படித்தான் பேசுவார் என்று சிங்களத்திலேயே சொல்லி, ஒரு முழம் கூட்டி அளந்து தந்தார்.