காதிலிருந்து தாடைக்கு: அம்பு எய்யும் முறையின் கதை

ஒலிம்பிக் வில்வித்தையை டிவியில் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ரிகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் வில்) இழுக்கும் கை பெரும்பாலும் தாடைக்கு அடியில்தான் வந்து நிற்கும். நாண் தாடையையும் மூக்கையும் தொடும். பழைய ஓவியங்களில் வீரர்கள் காது வரை இழுக்கிறார்களே, அது ஏன் மாறியது?

1545-ல் கேம்பிரிட்ஜில் கிரேக்க மொழி அறிஞராக இருந்த ரோஜர் ஆஸ்கம், 'டாக்ஸோஃபிலஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நூல் இதுதான். அதை எட்டாம் ஹென்றி மன்னருக்குச் சமர்ப்பித்து, ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகையும் பெற்றுவிட்டார்! நிற்பது, அம்பை நாணில் பொருத்துவது, இழுப்பது, பிடித்து நிறுத்துவது, விடுவது என எய்தலை ஐந்தாகப் பிரித்தார். காது வரை இழுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அது போர்க்கால வழக்கம். அதே 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' கப்பலிலிருந்து 170-க்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவற்றை முழுதாக இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இன்றைய ஒலிம்பிக் வில்லுக்கு அதில் பாதி போதும். எதிரிப்படை மீது அம்பு மழை பொழிய விசைதான் முக்கியம், நடுப்புள்ளி அல்ல.

துப்பாக்கி வந்தபின் வில் பொழுதுபோக்காகிவிட்டது. ஆனாலும் காது வரை இழுக்கும் பழக்கம் போகவில்லை. 'ஆஸ்கமே சொல்லிவிட்டார்' என்றால் யார் எதிர்த்துப் பேசுவது?

பேசியவர் ஹொரேஸ் ஃபோர்டு. 1849 முதல் 1859 வரை தொடர்ந்து 11 முறை இங்கிலாந்தின் சாம்பியன். 1856-ல் வந்த அவர் நூலின் வாதம் எளிது. காது வரை இழுத்தால் அம்பின் பின்முனை கண்ணுக்கு வெளிப்பக்கம் போய்விடும். பார்வை ஒரு கோடு, அம்பு இன்னொரு கோடு. முனையை இலக்கில் வைத்துப் பார்த்தால், வலது கையால் இழுப்பவரின் அம்பு இடது பக்கம் போகும். எனவே அம்பு குறிபார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்றார்.

வெறும் பேச்சல்ல. 1857-ல் செல்டன்ஹாமில் 100, 80, 60 கெஜ தூரங்களில் 288 அம்புகள் எய்தார். 245 இலக்கில் பட்டன. 1251 புள்ளிகள்!

ஃபோர்டு எய்தது ரிகர்வ் அல்ல, நீள வில். ஆனால் கண்ணுக்குக் கீழே அம்பு என்ற அவர் விதிதான் தாடைக்கு அடியில் கை நிற்பதற்கும் அடிப்படை. ஆஸ்கமின் ஐந்து படிகளும் இன்றும் பெரிதாக மாறவில்லை. நீண்ட நேரம் பிடித்து நிற்காதே என்றார் அவர். இன்று எப்போது விடுவது என்பதை வில்லில் பொருத்திய 'கிளிக்கர்' என்ற சின்னத் தகடு சொல்கிறது. அம்பு சரியான அளவு பின்னே வந்ததும் 'டிக்' என்று சத்தம் வரும், விரல்கள் நாணை விட்டுவிடும்.